அடிப்படை ஆண்டு

படிவத்தின் ஏழாம் நிரல் ஓர் ஆண்டைக் கேட்டது.
எந்த ஆண்டின் புகையோடு ஒப்பிட்டு
இந்த வளாகத்தின் புகையைக் குறைக்கப் போகிறோம்?

யதுர்ஷிகா பேனையை மூடாமல் யோசித்தாள்.
மூன்றாம் வருஷம், மின்பொறியியல், நெல்லியடிப் பிள்ளை.
நான் மீற்றர் பார்ப்பவன், பியூஸ் மாற்றுபவன்,
பெரிய மண்டபத்து ஏசி ஒழுகினால் வாளி வைப்பவன்.
ஜெனரேற்றர் குடித்த டீசல் முழுவதும்
திகதி வாரியாக என் கொப்பியில் இருக்கிறது.
மாசியில் மட்டும் நானூற்றுப் பத்து லீற்றர்.

வவுனியாவிலிருந்து மூன்று பஸ்.
இரண்டில் ஆட்கள், ஒன்றில் பெரும்பாலும் காற்று.
கன்ரீன் விறகுக்குப் பில் இல்லை.
"லாண்ட்மாஸ்ரர் பெட்டியில ஒரு லோட்,
பத்து நாளைக்குக் காணும்"
என்றா பவளராணி அக்கா,
தேங்காய்ப்பூ பிழிந்த கையை உதறிக்கொண்டு.
அந்த லோட்டைக் கிலோவாக்க
யதுர்ஷிகாவுக்கு ஒரு பின்னேரம் போனது.

மாத்தறைப் பெடியன் இசுரு
மரங்களை அளக்கப் போனான்.
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
வீரை, முதிரை, உலுவிந்தை.
பாலையை நெஞ்சுயரத்தில் சுற்றி அளந்தவன்
நாடாவை விட்டுவிட்டு
பட்டையை விரலால் தட்டினான்.
"அண்ணை, உள்ளுக்கு இரும்பு."
மரத்துக்கு நிரல் உண்டு.
இரும்புக்கு இல்லை.

"தொண்ணூற்றேழு எண்டு போடு, பிள்ளை" என்றேன்.
பகிடியாகத்தான் சொன்னேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, மல்லாவியில்.
யாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு,
பஞ்சில் ஊறிய அளவுக்கு மண்ணெண்ணெய்,
கொட்டைப்பாக்களவு சுடர்.
அதைச் சுற்றி நாங்கள் நாலு பேர், நாலு பாடம்.
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
மிதிகட்டையைக் கையால் சுற்றினால்
றேடியோ செய்தி சொல்லும்.
கை சோர்ந்தால் செய்தியும் சோரும்.
ஐஸ்கட்டியைப் புத்தகத்தில் மட்டும் கண்டோம்.
பூமிக்கு இவ்வளவு குறைவாய்ப் புகை கொடுத்தவர்கள்
அந்த வருஷம் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?
ஒருவரும் வந்து சான்றிதழ் தரவில்லை.

அவள் சிரிக்கவில்லை.
கல்குலேற்றரை இழுத்தெடுத்தாள்.
"கிழமைக்கு எவ்வளவு மண்ணெண்ணெய், அண்ணை?
வீட்டில எத்தனை பேர்?"
நான் சொல்லச் சொல்லத் தட்டினாள்.
கடைசி எண்ணைப் பார்த்து
கொஞ்ச நேரம் பேசாதிருந்தாள்.

"இதோட ஒப்பிட்டா
நாங்கள் ஒருக்காலும் குறைக்க ஏலாது."
"ஓம்."

இரண்டாயிரத்துப் பத்தொன்பது என்று எழுதினாள்.

பிறகு வேலை நடந்தது.
பட்டறைக் கூரையில் சூரியத் தகடுகள் ஏறின.
குரங்குகள் முதல் வாரமே பரீட்சித்துப் பார்த்தன.
காற்று ஏற்றிய பஸ் நின்றது.
ஏசி இருபத்தாறுக்குக் கீழே இறங்காதபடி
நானே பெட்டியைப் பூட்டினேன்.
ஒரு விரிவுரையாளர் என்னோடு கதைப்பதில்லை.

ஒவ்வொரு சுவிச்சுக்கு மேலும் ஸ்ரிக்கர்:
விளக்கை அணைக்கவும்.
மூன்று மொழியில், ஓர் இலைப் படத்தோடு.
எங்கள் வீட்டில் அதை
"விளக்கை நூருங்கோ" என்போம்.
ஒழுங்கையில் யாரோ ஒருவர்
அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டு ஓடுவார்.
வானத்தில் இரைச்சல் கேட்குமுன்பே
அம்மா போத்தலை உள்ளங்கையால் மூடிவிடுவா.
ஸ்ரிக்கரில் அவசரம் எதுவுமில்லை.
வாசிக்கச் சுகமாயிருக்கிறது.

ஆவணியில் டீசல் இருநூற்று முப்பது.
அறிக்கைக்கு நல்ல எண்.

சோதனைக்கு முதல் நாள், இரவு பதினொன்றரை.
வாசிப்பு மண்டபத்தை நூர்க்கப் போனேன்.
எல்லோரும் போய்விட்டார்கள்.
மூலைக் கதிரையில் ஒரு பெடியன்,
செருப்பைக் கழற்றிவிட்டு,
உதடு அசைய ஏதோ பாடமாக்குகிறான்.
என்னைக் கண்டதும் புத்தகத்தை மூடப் பார்த்தான்.

"இரு."
மற்ற ஒன்பதையும் நூர்த்தேன்.
அவனுக்கு மேலே ஒரு ரியூப், பதினெட்டு வோற்,
விடிய நாலு மணி வரை என்று
கொப்பியில் எழுதினேன்.
யதுர்ஷிகா கேட்பாள்.
கேட்கட்டும்.