இல்லாமல் ஓட்டிப் பார்த்தல்

எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள்
நேற்றிரவிலிருந்து நிற்கின்றன.
ஜன்னலைச் சாத்தியாகிவிட்டது,
மணலிக் காற்றுக்குச் சாவித்துவாரம் தெரியும்.
திருவொற்றியூர், மூன்றாம் மாடி,
மணி பதினொன்றே கால்.

எடைமேடை ஸ்கிரிப்ட்
என் கணினியில் ஓடுகிறது.
ஓடாமல் என்ன செய்யும்?
கேட்கிற மாட்யூல் எல்லாம் இங்கே இருக்கிறது,
கேட்காததும் இருக்கிறது,
மூன்று வருடமாக நானே இறக்கிக் குவித்தவை.

கஃபூர் பாய் உட்கார்ந்திருக்கும் கூண்டில்
அப்படி இல்லை.
ஒரு பழைய பெட்டி,
அதன் விசிறியில் உப்பு,
கேபிளில் எலிப் பல்.
"மேடம், சிவப்புல ஏதோ எழுதுது" என்பார் போனில்.
என்ன எழுதுது பாய்?
"இங்கிலீஷ்ல எழுதுது."

ஆகவே இன்று
மாட்யூல்களைத் தேடும் பாதையின் தலைமாட்டில்
எட்டு வரியில் ஒரு காவலாளியை உட்காரவைத்தேன்.
ஸ்கிரிப்ட் யாரைப் பெயர் சொல்லி அழைத்தாலும்
அழைப்பு முதலில் அவனிடம் வரும்.
அவன் கையில் என் பட்டியல்.
வட்டில் பத்திரமாகத் தூங்கும் கோப்பையே
அப்படி யாரும் இங்கே இல்லை என்பான்,
முகம் மாறாமல்.

முதல் ஓட்டம். எல்லாம் பச்சை.
இவ்வளவு பச்சை என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.
தோண்டினால்,
காவலாளி வேலைக்கு வருமுன்பே
அது உள்ளே போய்
நினைவகத்தில் சட்டையைக் கழற்றி மாட்டியிருக்கிறது.
உள்ளே இருப்பவனை வாசலில் எப்படி மறிப்பது?
காவலாளியை முதல் வரிக்கு ஏற்றினேன்.

இரண்டாவது ஓட்டம்.
தேதி மாட்யூலுக்குத் தடை.
அது அச்சு மாட்யூலின் லாரியில்
வேறு பெயரில்
கிளீனராக வந்து இறங்குகிறது.
பட்டியலில் இன்னொரு பெயர் சேர்த்தேன்.
டீ ஆறிவிட்டது.

மூன்றாவதில்
எடைக்கருவியோடு பேசும் மாட்யூலையே மறைத்தேன்.
ஸ்கிரிப்ட் விழும் என்று காத்திருந்தேன்.
விழவில்லை.
ஒரு நொடிகூட யோசிக்காமல் சீட்டு அடித்தது:
வண்டி எண், நேரம், ஓட்டுநர் பெயர்,
மொத்த எடை 0 கிலோ,
நன்றி, மீண்டும் வருக.

நாற்பதடிக் கன்டெய்னர்,
பதினெட்டுச் சக்கரம்,
பூஜ்யம் கிலோ.
எக்ஸ்பிரஸ் ரோட்டின் பள்ளங்களைக் கேட்டால்
வேறு கணக்குச் சொல்லும்.

கிடைக்காவிட்டால் பரவாயில்லை, மேலே போ
என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.
யாரோ இல்லை.
மாற்றங்களின் ஏட்டில் என் பெயர் இருக்கிறது,
இரண்டு வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறு பத்து.
என்ன அவசரமோ,
எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போனோம் போல.

அந்த வரியை அழித்தேன்.
அதே இடத்தில், தமிழில்:
எடைக்கருவி மாட்யூல் இல்லை.
சீட்டு தராதே. வண்டியை நிறுத்து.

நான்காவது ஓட்டம்.
சிவப்பு.
நல்ல, முழுச் சிவப்பு.
காவலாளியை டெஸ்ட் கோப்புக்குள்ளேயே பூட்டிவிட்டு
புது ஸ்கிரிப்ட்டை அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

ஐந்தரைக்கு போன்.
"மேடம், சிவப்புல எழுதுது."
எழுந்து உட்கார்ந்தேன்.
காவலாளி அங்கே கிடையாது.
அந்தப் பெட்டியில் எதையும் நான் மறைக்கவில்லை.
என்ன எழுதுது பாய்?
கண்ணாடி தேடும் சத்தம்,
பிறகு எழுத்துக் கூட்டி,
"வண்டியை... நிறுத்து-ன்னு எழுதுது."

நிறுத்துங்க பாய்.

அவர் பின்னால் ஒரு ஹாரன்,
அதன் பின்னால் இன்னொன்று,
பிறகு டோல்கேட் வரைக்கும்.

எத்தனை நாளாக அந்த மாட்யூல் அங்கே இல்லை
என்று நான் இன்னும் கேட்கவில்லை.