எட்டு மணிக்கு வந்தவர்கள்

ஏப்ரல் முதல் ஞாயிறு
சாந்தியாகோ கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளியது.
நாங்கள் தள்ளவில்லை.
நிலம் தேய்ந்து முடியும் இந்த மகாலானெஸில்
கோடைக்கும் குளிருக்கும் ஒரே நேரம்.
சட்டமே இருக்கிறது.
எங்கள் டிக்கெட் பக்கத்துக்குத்தான் தெரியாது.

திங்கட்கிழமை,
ஒன்பது மணிப் படகுக்கு
எட்டு மணிக்கே வந்து நின்றார்கள் பதினேழு பேர்.
ஒருவர் கையில் கோழிக்கூண்டு.
புந்தா அரேனாஸ் காற்றுக்கு
வரிசையில் நிற்கும் வழக்கம் கிடையாது,
எல்லார் சட்டைக்குள்ளும் முதலில் புகுந்துகொள்ளும்.
"இதில் எட்டு என்றுதானே போட்டிருக்கிறது?"
திருமதி ஓயார்சோன் என் மூக்குக்கு நேரே போனை நீட்டினாள்.
எட்டு என்றுதான் போட்டிருந்தது.
போட்டவள் நான்.

அன்றிரவு தேடினேன்.
முதலில் அகப்பட்டது
எல்லோரும் வைத்திருக்கும் பெரிய தொகுப்பு.
பூமியின் மொத்த நேரமும் அதற்குள் உண்டு,
பிறையும் கிரகணமும் கூட.
ஒரு மணி நேரத்தைத் திருத்த
ஓர் ஊரையே குடிவைக்க வேண்டும்.
நீரிணையின் நடுவே, ஒற்றைக் கோடு சிக்னலில்,
அது இறங்கி முடிப்பதற்குள்
பொர்வெனீரில் படகைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள்.

அடுத்தது அழகு.
ஆனால் தன்னோடு நாற்பத்தோரு உறவினரை அழைத்து வந்தது.
அவர்களில் ஒருவர் இறந்து மூன்று வருடமாம்,
யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றின் வாசலில் ராக்கெட் படம்.
உள்ளே போனால்
'விரைவில்'.

மாத்தே ஆறிப்போன இரண்டரை மணிக்கு
அது வந்தது.
பெயர் த்ரோஹி.
நட்சத்திரம் போட்டவர்கள் ஆறு பேர்,
கடைசியாகக் கைபட்டு நான்கு வருடம்.
நூலகம் என்றுதான் இதையும் சொல்கிறார்கள்.
எனக்குக் கிடைத்ததோ தைக்கிற நூல்:
இருநூற்றுப் பன்னிரண்டு வரி,
ஊசியில் கோத்தால் மறுபக்கம் வந்துவிடும்.

எழுந்து போகாமல் முழுக்கப் படித்தேன்.
தொண்ணூறாவது வரிக்கு மேல் ஒரு குறிப்பு:
"இந்த இடம் எனக்கே புரியவில்லை. ஆனால் ஓடுகிறது."
இவ்வளவு நேர்மையாக
அந்த மாதம் யாரும் என்னிடம் பேசியதில்லை.
உரிமம் என்ற இடத்தில்:
எடு, மாற்று, விற்றுக்கூடக் கொள்,
உடைந்தால் என் கதவைத் தட்டாதே.

ஊர்ப் பட்டியலில் சிலே ஒற்றை வரி.
நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு வரி.
நாங்கள் இல்லை.

எங்களை எழுதிச் சேர்த்தேன்.
பிறகு கதவைத் தட்டினேன்:
பதினேழு பேர், ஒரு மணி நேரம், கோழிகள்,
இத்துடன் என் திருத்தம்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு
ஒன்பது என்றே காட்டியது.
முதலாளி கோயிச் கேட்டார்:
"எவ்வளவு ஆச்சு?"
"ஒன்றும் இல்லை."
"அப்போ நம்பலாமா?"

பதினொரு நாள் சத்தமே இல்லை.
பன்னிரண்டாம் நாள்:
"ப்ளோவ்திவில் ரொட்டிச் சூளையில் இரவு வேலை.
மாவு உப்புகிற நேரத்தில் எழுதியது இது,
பெயருக்கும் எங்கள் மொழியில் ரொட்டித் துணுக்கு என்றே பொருள்.
உங்கள் வரியைச் சேர்த்துவிட்டேன்.
தொண்ணூறாவது வரி உங்களுக்காவது புரிந்ததா?
கோழிகளிடம் வருத்தம் சொல்லவும்.
ராதோஸ்தின்."

அதன் கீழே, நான் கேட்காமலே,
சாவி.
இனி இந்த வீட்டில்
எதையும் மாற்றலாம் நானும்.
உப்பு வாங்கப் போனவள் தலையில்
உப்பளத்தைக் கட்டிவிட்டார்.

இரண்டு வாரம் அதைத் தொடவே இல்லை.
தொண்ணூறாவது வரி
இன்னும் எனக்கும் புரியவில்லை.

நேற்று இரவு யாரோ தட்டினார்கள்.
நியூசிலாந்துக்கும் கிழக்கே ஒரு தீவுக்கூட்டம்,
சாத்தம் என்று பெயர்.
"எங்கள் கடிகாரம் முக்கால் மணி முந்தி ஓடுகிறது,
உங்கள் பட்டியலில் நாங்கள் இல்லையே."

தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
இந்நேரத்தில் பதில் போட்டால்
அந்த ஆள் தூங்கிக்கொண்டிருப்பாரா?
அங்கே இப்போது மணி என்ன என்று பார்க்கப் போனேன்,
என்னிடமே.
தெரியவில்லை என்றது.