சுண்டுவிரல் அளவு அலுமினியம்

தானா மேராக் கடலோரச் சாலையில்
அதிகாலை ஐந்து பத்துக்கு முறிந்தது அது.
பெரிய சத்தமில்லை,
முறுக்கைக் கடித்தாற்போல் ஒன்று.
பிறகு கால் மட்டும் சுழன்றது
சாலை நின்றுவிட்டது.

லாடம் கட்டிய மாடுபோல்
மிதிகட்டைக் காலணியோடு
டொக் டொக்கென்று தள்ளிக்கொண்டு நடந்தேன்.
தலைக்குமேல் விமானங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் எத்தனை டன் சரக்கு!
ஆறு கிலோமீட்டர்.
பயிற்சிக் குறிப்பில் அதை
எந்தத் தலைப்பில் எழுதுவது?

கியர் தாங்கி என்று பெயர்.
சுண்டுவிரல் அளவு அலுமினியம்.
சட்டகம் பிழைக்கவேண்டும் என்பதற்காகத்
தான் முந்தி உடைவதற்கென்றே செய்யப்பட்டதாம்.
"அதன் வேலையை அது செய்திருக்கிறது" என்றார்
ஊபியில் கடை வைத்திருக்கும் ரிடுவான்
என் முகத்தைப் பார்க்காமல்.
தைவானிலிருந்து வரவேண்டும், மூன்று வாரம்.
லங்காவிக்கு ஒன்பது வாரம்.

நான் வேலைபார்க்கும் ஆய்வகத்தில்
இரத்தம் சுழற்றும் இயந்திரம் நின்றுபோனால்
பக்கத்திலேயே இன்னொன்று
உறையிட்டுக் காத்திருக்கும்.
வீட்டில் இருந்தது
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய அட்டவணை மட்டும்:
சனி, நூற்று நாற்பது கிலோமீட்டர், சீரான வேகம்.
அந்தச் சனிக்கிழமை
கோபமாகத் துணி மடித்தேன்.

ஞாயிறு
எங்கள் புளோக்கின் கீழே
மஞ்சள் கட்டத்துக்குள் நின்றது வாடகை மிதிவண்டி.
முன்னால் கூடை.
கூடையில் யாரோ குடித்துப்போட்ட மைலோ டப்பா.
கியர் கிடையாது.
இருக்கை தன் விருப்பத்துக்குத் திரும்பிக்கொள்ளும்.
அரைமணிக்கு ஒரு வெள்ளி.

காற்றுக்கு அடியில் நுழைந்து போகிறவள் நான்.
இப்போது காற்றின் எதிரே
அலமாரிபோல் நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்தேன்.
தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு
பிடோக் படகுத்துறைக்குப் போகிறவர்
ஒற்றைக் கையால் ஓட்டியபடி என்னை முந்தினார்.
"மெதுவா, மெதுவா, நல்லது" என்றும் சொன்னார்.
ஐந்து மணிநேரம் மிதித்தேன்.
பத்து வெள்ளி.
தொடையில் எனக்கு இதுவரை அறிமுகமில்லாத
ஒரு தசை
தன் பெயரைச் சொன்னது.

ஒன்று போனால் ஒன்று.
தெம்பனிஸ் நீச்சல்குளத்தில்
நாற்பத்தோராவது நீளத்தில்
கண்ணாடியின் பட்டை அறுந்தது.
மீ சியாம் பொட்டலத்தின் சிவப்பு ரப்பர் வளையம்
பைக்குள் கிடந்தது, இரண்டு.
பின்னிக் கட்டினேன்.
இடப்பக்கம் சொட்டுச் சொட்டாகக்
குளம் உள்ளே வந்தது.
இடக்கண்ணை மூடி
வலக்கண்ணால் நீந்தினேன்
மிச்ச ஒன்பதையும்.

மறுநாள் கைக்கடிகாரம்.
கறுப்புத் திரை, அழுத்தினால் மௌனம்.
சசிரேகா செய்தி அனுப்பினாள்:
"உனக்கு ஏழரையா?"
"மூன்று வாரம்தான்" என்று பதில் போட்டேன்.

விளக்குக் கம்பங்களை எண்ணி ஓடினேன்.
நான்கு கம்பம் வேகம்,
ஒரு கம்பம் நடை.
நங்கூரமிட்டிருந்த கப்பல்கள்
தாங்களும் ஏதோ உதிரிபாகத்துக்குக்
காத்திருப்பவைபோல் விளக்கெரிய நின்றன.
எண்ணிக்கை இரண்டுமுறை தவறியது.
திரும்பப் போய் எண்ணவில்லை.
இதயம் எத்தனை துடிக்கிறது என்று தெரியாமலே ஓடினேன்.
துடித்தது.

வந்தது பொட்டலம், நான்கு நாள் தாமதமாக.
அரை மில்லிமீட்டர் உதைத்தது.
ரிடுவான் ஒன்றும் சொல்லாமல்
அரத்தை எடுத்தார்.
இரண்டு வாங்கியிருந்தேன்.
இன்னொன்றைப் பழைய காலுறையில் சுருட்டி
இருக்கைக்கு அடியில் கட்டிவைத்தேன்.
அதுவும் ஒருநாள்
தன் வேலையைச் செய்யட்டும்.

மீண்டும் தானா மேரா.
மீண்டும் காற்றுக்கு அடியில்.
கியர்கள் ஒவ்வொன்றாய் விழுந்தன
சொன்ன பேச்சுக் கேட்டு.
திருப்பத்தில், பாதை நடுவே,
சாவகாசமாய் ஒரு நீர்நாய்.
கட்டைவிரல் தானாக நீண்டது
மணி இருந்த இடத்துக்கு.
கார்பன் வழவழப்பு.

வாயால் சொன்னேன்:
ட்ரிங்.