பிழைப்பூதியம்

பதினேழு (உ) முதலில் வந்தது,
வெள்ளிக்கிழமை, மாலை நாலு நாற்பதுக்கு.
பதினேழு (ஆ) எழுபத்தொரு நாள் கழித்து.
உயிரெழுத்தை வரிசையாகச் சொல்லித் தந்தே
பத்தொன்பது வருடம் சம்பளம் வாங்கியவள் நான்.
மஞ்சக்குப்பத்து அலுவலகத்தில்
உகரம் முந்தும், ஆகாரம் பிந்தும் என்று
எந்த இலக்கணத்திலும் படித்ததில்லை.

"ஒப்புகை போடுங்க டீச்சர்" என்றார்
உறையைக் கொண்டுவந்தவர்.
தேதியோடு கையெழுத்திட்டேன்.
பீரோ சாவியை மேசையில் வைத்தேன்.
திருத்தாத கட்டுரை நோட்டு முப்பத்தாறு
அப்படியே கிடந்தன.

தலைமையிடம்: கடலூர்.
முன் அனுமதியின்றி நீங்கலாகாது.
ஜிப்மரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்.
முள்ளோடை தாண்டினால் வேறு அரசாங்கம்.
காலையில் பஸ் ஏறினால்
மதியச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம்.
பெருமதிப்பிற்குரிய ஐயா, என்று விண்ணப்பம் எழுதினேன்.
ஐயா விடுப்பில் இருந்தார்.
அம்மாவின் கண்கட்டை அவிழ்த்த மறுநாள்
அனுமதி வந்தது.

பாதிச் சம்பளம்.
அதற்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள், பிழைப்பூதியம்.
வேறெங்கும் வேலை பார்க்கவில்லை என்று
மாதாமாதம் எனக்கு நானே சான்று எழுதித் தர வேண்டும்.
தந்தேன். ஒரு சந்திப்பிழை இல்லாமல்.

குற்றச்சாட்டு மூன்று.
எட்டாம் வகுப்பு கபிலேஷை
மர அளவுகோலால் முழங்கையில் அடித்தது.
வினாத்தாள் என்று சொல்லிப் பணம் வசூலித்தது.
வராத நாளுக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டது.

முதலாவது உண்மை.
மற்ற இரண்டும் எங்கிருந்து முளைத்தன என்று
சொல்ல என்னிடம் சாட்சியம் இல்லை.
கழிவறை பில்லில் கையெழுத்திட மறுத்த மாதம் மட்டும்
நினைவிருக்கிறது.

ஏற்கிறேன், மறுக்கிறேன்.
படிவத்தில் இவ்வளவுதான் இடம்.
'ஏற்கிறேன், ஆனால்' என்பதை
ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்.

விசாரணை அதிகாரி நெல்லிக்குப்பத்துத் தலைமையாசிரியர்.
கரும்பு லாரி மறித்துக்கொண்டது என்று
அரைமணி தாமதமாக வந்தார்.
நல்லவர் என்று சொல்ல முடியாது, சிரிக்கவே இல்லை.
விதி தெரிந்தவர்.
அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.
"சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய
உங்களுக்கு உரிமை உண்டு" என்றார்.

சோனாங்குப்பத்திலிருந்து
அப்பாவின் பைக்கில் வந்திருந்தது சாட்சி.
மேலுதட்டில் புதிதாக ஒரு கரிக்கோடு.
வாக்குமூலம் இரண்டு பக்கம்.
'மேற்படி ஆசிரியையின் செயல்களால்
கடும் மன உளைச்சலுக்கு உள்ளானேன்.'
ஒற்று மிகும் இடத்தில் மிகுந்து
மிகாத இடத்தில் மிகாமல்
அப்படியொரு தமிழ்.

ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.
"உளைச்சல். எழுதிக் காட்டு."

பேனா வாங்கினான்.
என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.
எழுதினான்:
உலைச்சல்.

அதிகாரி தாளைத் தன் பக்கம் திருப்பினார்.
வாக்குமூலத்தைப் பக்கத்தில் வைத்தார்.
வெகுநேரம் கழித்து
'ஆவணம் 7' என்று குறித்து
கோப்பு நூலில் கோத்தார்.

என் கை அதற்குள்
சிவப்புப் பேனாவைத் தேடிப்
பைக்குள் போயிருந்தது.

மூன்று வருடம் என் முன்னால் உட்கார்ந்தவன்.
பள்ளியைப் 'பல்லி' என்று
நாலாம் முறை எழுதியதற்குத்தான்
அன்று அளவுகோலை எடுத்தேன்.
அடித்தும் அவனுக்கு ளகரம் வரவில்லை.
வந்திருந்தால்
இன்று நான் மாட்டியிருப்பேன்.
அவன் பிழையில் நான் பிழைத்தேன்.

அகராதியில் இல்லாத அந்தச் சொல்லையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
உலை.
முழுக்கைச் சட்டையை
மணிக்கட்டுவரை இழுத்துவிட்டிருந்தான்,
சித்திரை வெயிலில்.

"சாட்சி போகலாம்."
வாசலில் நின்று திரும்பி
வகுப்பு முடிந்தாற்போல இழுத்துச் சொன்னான்,
"நன்...றி டீச்சர்."

"முதல் குற்றச்சாட்டு குறித்து?"
"நிரூபணமானது என்று எழுதிக்கொள்ளுங்கள் சார்."
பேனாவை மூடினார்.
"அதை நான் முடிவு செய்ய வேண்டும்.
நீங்கள் சொல்ல வேண்டியது
நடந்தது என்ன என்பது மட்டும்.
உட்காருங்கள்.
முதலிலிருந்து சொல்லுங்கள்."