ஒன்றரை ஷிப்ட்

திரையில் திருப்பூர் சிவந்து கிடக்கிறது.
பல்லடம் சாலை புடைத்த நரம்பு,
மங்கலம் சாலை அதற்குக் கொஞ்சம் இளையது.
நாற்பது நாளாக மூன்று லட்சம் செல்போன்கள்
எங்கே நின்றன, எங்கே நகர்ந்தன என்று
பெயரை உரித்துவிட்டுப் புள்ளிகளாக அனுப்பிய மூட்டையை
பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பேருந்து நிறுத்தத்தை இக்கட்ட இழுத்தால்
புகை நாற்பத்தொரு டன் இறங்கும்.
அக்கட்டத் தள்ளினால் ஏறும்.
பொழுது போவதே தெரியாத விளையாட்டு.

வீரபாண்டிப் பிரிவுக்குத் தெற்கே மட்டும் ஒரு வெள்ளை.
இந்தப் பக்கம் பனியன் கம்பெனிகள்,
அந்தப் பக்கம் எழுநூறு லைன் வீடுகள்.
நடுவே நடப்பவர் யாருமில்லை என்றது கருவி.
அந்த வீட்டுப் பெண்களை
'வெளியே போகாதவர்கள்' என்று ஒரு நிறம் பூசி வைத்திருந்தது.
நானும் நம்பி
அந்த வழியே லாரித் தடம் போடலாமென்று
அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டேன்.

கம்பெனி கேட்டில் சோதனை போடும் சம்பூர்ணம்
சிரித்தார்.
"ஆருங்கம்மணி சொன்னது நடக்கறதில்லைன்னு?
போனு கொண்டாந்தா உள்ள உடமாட்டாங்க.
ஊட்லயே வெச்சுட்டு வருவாளுக."

நாள் முழுக்கத் தலையணைக்கு அடியில்
போன்கள் படுத்திருந்தன.
கருவி அவற்றைப் பெண்கள் என்று எண்ணியிருந்தது.

எட்டரைக்கு ஒன்றரை ஷிப்ட் விட்டது.
தலைமுடியில் பஞ்சோடு வந்தார்கள்,
நூறு, இருநூறு, பிறகு எண்ண முடியவில்லை.
இரண்டு காம்பவுண்டுச் சுவருக்கு நடுவே
பழைய இட்டேரி. வேலியில்லை, விளக்குமில்லை.
டார்ச் அடிக்கவும் கையில் போன் கிடையாது.
முன்னால் போகிறவளின் சுடிதார்த் துணியைப்
பின்னால் வருகிறவள் பிடித்துக்கொள்கிறாள்.

என் முன்னால் போனவள் முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.
மந்திரம் என்று நினைத்தேன்.
ஒடியாவில் எண்கள்.
சுனந்தா மாஜி, ஓவர்லாக், இரண்டு வருடம்.
"அறுநூத்தி நாப்பது, சாக்கடை. தாண்டு.
எண்ணூத்தி அஞ்சு, கல்லு.
ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு, வீடு."

தாண்டினேன்.
சாக்கடை அங்கேதான் இருந்தது.

இரவே அலுவலகம் திரும்பி
லாரித் தடத்தை அழித்தேன்.
அவள் அடிகளை மீட்டராக மாற்றி
வெள்ளையில் ஒரு கோடு போட்டேன்.
'தரவின் மூலம்?' என்று கட்டம் கேட்டது.
சுனந்தா என்று எழுதினேன்.
ஏற்கவில்லை. எண் வேண்டுமாம்.
1112 என்று கொடுத்தேன், வாங்கிக்கொண்டது.

இந்தக் கோட்டால் கரி எவ்வளவு குறையும்?
சுழியம்.
ஏற்கெனவே நடப்பவர்களிடம்
குறைக்க என்ன இருக்கிறது.

சாக்கடைக்கு ஒரு மூடி வைத்தேன்.
அதன் மேல் ஒரு விளக்கு,
கல்லிடம் ஒன்று, இரண்டு முனையிலும் இரண்டு.
ஆண்டுக்கு அரை டன் ஏறியது.
ஓரத்தில் சிவப்பாய் ஒரு அம்புக்குறி துடித்தது:
திட்டம் இலக்கை விட்டு விலகுகிறது,
மாற்றங்களைக் கைவிடவா, சேமிக்கவா?

சேமி.