அடித்தல் திருத்தல்

கிருஷ்ணகிரி, விடைத்தாள் திருத்தும் முகாம்.
மின்விசிறிக்குப் பறக்கும் கட்டின் மேல்
தண்ணீர் பாட்டில்.

'ஜெர்மனி ஒன்றானது எப்படி?'
சுங்க ஒன்றியத்துக்கு ஒன்று.
மூன்று போருக்கு மூன்று.
ஒரே மொழி என்பதற்கு ஒன்று.
அதை எழுதி, அடித்துவிட்டு,
கீழே பென்சிலில்:

'எங்க பேரிகையில
அம்மா தெலுங்கு, அப்பா கன்னடம்,
ரேஷன் கடை தமிழ்.
மாட்டுக்கு மூணும் தெரியும்.
போர் ஏதும் வரல.'

விடைக்குறிப்பில் மாடு இல்லை.
தாளில் பெயரும் இல்லை, எண் மட்டும்.
சிவப்புப் பேனா கொஞ்ச நேரம்
அந்த மாட்டின்மேலேயே நின்றது.
"மேடம், இன்னும் பதினாறு பேப்பர்."

நாலு போட்டேன்.
மொத்தம் கூட்டினேன்:
நாலுகு, ஏடு, பதகொண்டு...
உதடு அசைந்ததை
பக்கத்து மேசை பார்த்ததா,
தெரியவில்லை.