நூற்றெட்டாவது தவணை

மார்க்வெட், மிச்சிகன். 2011, மார்ச்.

பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னாராம்.
ஏழு வரை நினைவிருக்கிறது என்கிறாய், ஆர்விட்.
மிச்சமுள்ள ஆறையும்
இந்தச் சமையலறை மேசையில் உட்கார்ந்து
நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நெஞ்சைத் திறந்தவர் நம் காப்பீட்டுக்குள் இருந்தார்.
கட்டில் உள்ளே இருந்தது.
நீ தொடாமல் திருப்பி அனுப்பிய
ஆரஞ்சு ஜெல்லிகூட உள்ளே இருந்தது.
உன்னைத் தூங்கவைத்தவர் மட்டும்
வெளியே இருந்தாராம்.
எதற்கு வெளியே?
அதே அறையில், உன் தலைமாட்டில்,
உன் மூச்சைக் கையில் பிடித்தபடி
நின்றவர்தானே அவர்?

நான்காயிரத்து முந்நூற்றுப் பதினாறு டாலர்.
ஐந்து மணி நேரத் தூக்கம்.
முப்பத்தோரு வருடம்
என் பக்கத்தில் ஓசியில் தூங்கியவன் நீ,
அதுவும் குறட்டையோடு.

பனிவண்டியை ராட்னி அறுநூறுக்கு எடுத்துக்கொண்டான்.
தலைக்கவசத்தை மறந்தானா, விட்டுப்போனானா தெரியவில்லை.
கொட்டகை ஆணியில் அது
இன்னும் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறது.
அந்த அறுநூறும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை,
அடுப்பெண்ணெய்க்காரனுக்குப் போனது.
இங்கே ஏப்ரலிலும் பனி பெய்யும்.

பெட்ரோல் பங்க் கல்லாவில்
லெம்பி ஊறுகாய் ஜாடி ஒன்றை வைத்தாள்,
மேலே உன் படம் ஒட்டி.
மீனைத் தூக்கிப் பிடித்திருக்கும் அந்தப் படம்;
வெட்டியதில் மீன் போய்விட்டது,
என் தோள் மட்டும் ஓரத்தில் நிற்கிறது.
நீ பால் வாங்கப் போனாய்.
வரிசையில் நின்றவர்கள்
கூரையைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள்.
நீ உன்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
மீதிச் சில்லறையை ஜாடியில் போட்டாயாம்.
"பாவம், யாரோ" என்றாயாம்.
லெம்பி சிரித்துக்கொண்டே சொன்னாள்.
நான் வண்டிக்குள் வந்து உட்கார்ந்து
சாவியைத் திருகாமலே இருந்தேன்.

உறைகளை ரொட்டிப் பெட்டிக்கு அடியில் ஒளித்தேன்.
உனக்குத் தெரியும்.
உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது,
மாத்திரை டப்பாவில்
அரை மாத்திரைகளைப் பார்க்கும் வரை.
ராத்திரி கழிப்பறையில் கேட்ட 'டக்' சத்தம்
நகவெட்டி என்றல்லவா நினைத்தேன்!
அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில்
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
"மாதக் கடைசி வரை வரணுமே, இங்ரிட்" என்றாய்.
மாத்திரை வரும்.
நீ வருவாயா?

மறுநாள் பள்ளிக்கூட உணவறையில்
இருநூறு தட்டு மசித்த உருளைக்கிழங்கு பரிமாறிவிட்டு
ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் போன் செய்தேன்.
நாற்பத்தேழு நிமிடம் பியானோ.
பிறகு வான்டா என்றொரு பெண்,
தொண்டை கட்டிய குரல்.
மாதம் எவ்வளவு முடியும்?
நாற்பது, என்றேன்,
முப்பது என்று சொல்ல வாயெடுத்து.
தட்டச்சு தட்டியது.
நூற்றெட்டு மாதம், மேடம். வட்டி இல்லை.
கடைசி மாதம் முப்பத்தாறு கட்டினால் போதும்.

ஒன்பது வருடம்.
அதற்குள் அவருக்கு ஏதாவது, என்று ஆரம்பித்தேன்.
அவள் கொஞ்சம் பேசாமல் இருந்தாள்.
"என் திரையில் அதற்குக் கட்டம் இல்லை" என்றாள்.
பிறகு, தாழ்ந்த குரலில்,
"நல்லா இருப்பார், கட்டுங்க."

ஆக, ஆர்விட்,
நீ அறுபத்தேழு வயது வரை
இருந்தே ஆக வேண்டும் என்று
ஓமஹாவிலிருந்து எழுத்துமூலம் வந்திருக்கிறது.
மாத்திரை முழுசாகப் போடு.

கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து
இரண்டு தடவை படித்தாய்.
கூட்டிக் கழித்துப் பார்த்தாய்.
"அப்போ அந்தக் கடைசி மாசம்
நாலு டாலர் மிச்சம்" என்றாய்.
என்ன செய்வாயாம், என்றேன்.
நீ யோசிக்கவே இல்லை.

தூண்டிலுக்குப் புழு.